‘இவனையெல்லாம் சும்மா விடக் கூடாது’

அந்தத் தையற்கடையில் தொலைக்காட்சிக்கு ஓய்வே கிடையாது. காலர் தைக்கும்போதும் தையற்காரியின் ஒரு காது செய்தியில்தான் இருக்கும். கைபேசியில் வேறு ஏகப்பட்ட செய்திக் குழுக்கள். எது வந்தாலும் உடனே குடும்பக் குழுவுக்குத் தட்டிவிடுவாள். சொந்தக்காரர்கள் அவளுக்கு ‘ரேடியோ’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

“எங்க எலி செத்தாலும் உனக்கு மூக்குல வேர்த்துடும்” என்பார் அவள் கணவர். பேருந்து ஓட்டுநர்.

ஒரு மதியம் சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. மதிலில் மோதி நிற்கும் பேருந்து. நடைபாதையில் தலையைப் பிடித்தபடி ஓர் ஆள், முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். கீழே சிவப்பு எழுத்தில், ‘குடிபோதையில் ஓட்டுநர்!’ மூலையில் அவள் எப்போதும் பார்க்கும் சேனலின் முத்திரை. அதற்குமேல் என்ன வேண்டும்? “இவனையெல்லாம் சும்மா விடக் கூடாது” என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

நூலை அறுப்பதற்குள் நாத்தனார் அழைத்தாள்.

“அண்ணி, என்ன அனுப்பியிருக்கீங்க?”

“பாத்தியாம்மா? பட்டப்பகல்ல குடிச்சிட்டு...”

“வண்டி நம்பரப் பாருங்க அண்ணி. அது அண்ணன்.”

மறுபடி பார்த்தாள். அந்த ஆளின் சட்டைத் தோளில் ஓர் ஒட்டு. போன வாரம் அவள் கையாலேயே போட்டது. மது வாடை பட்டாலே முகம் சுளிக்கிற மனிதர் அவர்.

அனுப்பியதை அழித்தாள். ஆனால் அதற்குள் அது வீடு தாண்டிப் போயிருந்தது. நாத்தனார் சொன்ன மருத்துவமனைக்குக் கிளம்பிக் கடையைப் பூட்டும்போது பக்கத்து மருந்துக்கடைக்காரர் கைபேசியோடு ஓடிவந்தார். “அக்கா, இந்தக் கொடுமையப் பாத்தீங்களா?” வீடியோவுக்குக் கீழே அவள் எழுதிய வரி, ஓர் எழுத்து மாறாமல்.

கணவர் நெற்றியில் கட்டோடு படுத்திருந்தார். “ஒரு லாரி தப்பு வழியில வந்துச்சு. ஸ்டியரிங்க ஒடிச்சுத் திருப்பலன்னா நேருக்கு நேர் மோதல்தான். பயணிகளுக்குச் சின்னச் சின்ன அடியோட போச்சு. ரத்தம் எடுத்துப் பாத்துட்டாங்க, குடிக்கலன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டார்.”

“நானும் அந்த வீடியோவ அனுப்பிட்டேங்க.”

அவர் தலையைத் தூக்கினார். “அதுல என்னப் பாத்துமா?”



மறுநாள் ஒரு சேனல் பிரேக் பழுது என்றது. இன்னொன்று ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்றது. லாரியையும் டாக்டரின் அறிக்கையையும் ஒரு செய்தித்தாள்தான் உள்பக்கத்தில் போட்டிருந்தது. அவளுடைய சேனல் வேறு அலறலுக்குத் தாவிவிட்டது. மறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. அவளே குழுவில் எழுதினாள்: “நான் அனுப்பினது பொய். அது என் வீட்டுக்காரர். அவர் குடிக்கல.” முதலில் வந்ததற்குக் கொதித்தவர்களில் பாதிப் பேர் இதற்கு வாயே திறக்கவில்லை.

செய்திக் குழுக்களிலிருந்து வெளியேறினாள். இப்போது தைக்கும் நேரத்தில் தொலைக்காட்சி இல்லை. காலையில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு செய்தித்தாள்கள், மாலையில் ஒரே ஒரு செய்தியறிக்கை, அவ்வளவுதான். பதற வைக்கிற செய்தி என்றால், யார் சொன்னது என்று தேடுவாள். இன்னோர் இடத்திலும் வரும்வரை பொறுப்பாள்.

விசாரணை முடிந்து கணவர் வேலைக்குத் திரும்பினார். ஆனாலும் ஏறும் பயணிகளில் சிலர் அவர் பக்கம் குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார்கள். அதை வீட்டில் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.