மூக்குத்தித் தங்கம்

என் தம்பி பெத்தணன் எட்டாம் வகுப்போடு நின்றவன். சிவகாசியில் ரேடியோவும் மின்மணியும் பழுதுபார்த்தான். 1961இல் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையொன்றில், மருந்து உலரும் இரண்டு அறைகளுக்கும் அவன்தான் எச்சரிக்கை மணி வைத்தான். கருவி தீப்பெட்டி அளவு. பொறி மருந்தில் படாதபடி அறைச் சுவரின் வெளிப்புறத்தில், சுவரோடு ஒட்டி இருந்தது. பித்தளையும் இரும்பும் ஒட்டிய சிறு தகடு சூட்டில் வளைந்து எதிர்முனையைத் தொட்டால், வாசலில் மணி அடிக்கும். மின்சாரம் வெள்ளியில் நன்றாக ஓடும் என்று முனைகளுக்கு வெள்ளி வைத்தான். பொருத்திய அன்று கணீரென்று அடித்தது.

சித்திரை வெயிலில் முதல் அறை சூடேறியபோது அடிக்கவில்லை. கூரையோடு வெடித்தது. உள்ளே இருந்த செல்லத்தாயைப் பாயில் அள்ளி வந்தார்கள். முகம் கரிந்திருந்தது, மூக்குத்தி மட்டும் மின்னியது.

மறுநாள் அவள் புருஷன் சங்கையா எங்கள் வீட்டுக்குள் பாய்ந்தான்.

“மணி அடிக்கும்னு சொன்னியேலே! அதை நம்பித்தானலே அவ உள்ள உக்காந்திருந்தா!”

அம்மிக் குழவியைத் தம்பியின் இடது கையில் இறக்கினான். எலும்பு நொறுங்கியது. நான் குறுக்கே விழுந்தேன்.

“தள்ளிருங்கக்கா! அடுத்த அறையில எம் மக ராக்காயி இருக்கா. அங்கயும் இவன் மணிதான். அது ஊமையாச்சுன்னா இவன் மண்டையில இறக்குவேன்.”

ஆலையை யாரும் நிறுத்தவில்லை. கையில் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு தம்பி இரண்டாவது கருவியைத் திறந்தான். வெள்ளி முனைகள் கறுத்திருந்தன. தகடு தொட்டாலும் அந்தக் கறுப்பு மின்சாரத்தை விடாது.

“கந்தகக் காத்துக்கா. ஆலைக்குப் போற பொம்பளைக கொலுசெல்லாம் இப்படித்தான் கறுக்குது. செல்லத்தாயி மூக்குத்தி தங்கம், கறுக்கல பாத்தியா?”

என் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தேன். நான் குறட்டால் பிடிக்க, அவன் ஒற்றைக் கையால் தட்டித் தட்டிப் புது முனைகள் செய்து கருவியில் வைத்தான்.

ஆடி மாதம் ஒரு நண்பகலில் இரண்டாவது அறையும் வெடித்தது. சத்தம் எங்கள் தெரு வரை அதிர்ந்தது. சற்று நேரத்தில் சங்கையா சைக்கிளில் வந்தான், சட்டையெல்லாம் ரத்தம். தம்பி இடது கையைத் தலைக்கு மேலே தூக்கினான்.

“அடிக்க வரலலே. கல்லு பட்டு எனக்குத்தான் மண்டை ஒடஞ்சிருக்கு. மணி சத்தம் கேட்டதும் பொம்பளைக அம்புட்டுப் பேரும் ஓடி வந்துட்டாக.”

“ராக்காயி?” என்றேன்.

“வேலியோரம் காதைப் பொத்திக்கிட்டு அழுவுறாக்கா. கருவி இருந்த செவரு மட்டும் நிக்குது. உங்க தம்பி மணி இன்னும் அடிச்சுக்கிட்டே கெடக்கு, நிறுத்தத் தெரியல. ஏறுலே பின்னால!”

தங்கம் மென்மையானது, சூட்டில் முனைகள் ஒட்டியிருக்கும் என்றபடியே தம்பி கேரியரில் ஏறினான். கோணலாகிப்போன கையால் சங்கையாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.