இருக்கச் சொன்னதால் இருந்தேன்

எங்கள் நாகர்கோவில் ஜவுளிக்கடைக்குச் சென்னையிலிருந்து புது மேனேஜர் வந்திருக்கிறார். விற்பனைப் பெண்கள் உட்காரவே கூடாதாம்.

இன்று சேலைப் பிரிவுக்கு ஸ்டூல் கேட்டு அவர் அறைக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் இருங்க" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் உட்கார்ந்தீங்க?"

"சார்தானே இருக்கச் சொன்னிய?"

எங்கள் ஊரில் ‘இருங்க’ என்றால் உட்காருங்கள் என்றுதான் அர்த்தம்.

அவருக்குக் கோபம். "வயசாயிடுச்சு, நிக்க முடியலன்னா வீட்லயே இருங்கம்மா."

"அம்பத்தாறுதான் ஆவுது. நான் இங்கயே இருக்கேன் சார்."

கூட வந்த ஷைனிக்கு இருபத்திரண்டு வயது. "எனக்கும் காலு வலிக்கு சார்" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஸ்டூல் இன்னும் வரவில்லை. இதை அந்த நாற்காலியிலிருந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் ‘இருங்க’ என்றால் என்ன அர்த்தம்? நிதானமாகச் சொல்லுங்கள், இருந்தே வாசிக்கிறேன்.