எண்ணெய்த் தொட்டி நாகவல்லி

தொட்டிக்குள் குச்சியை விட்டு எடுத்து, அதில் ஒட்டிய வெள்ளைப் படலத்தின் மேல் விரல்களை அடுக்கிப் பார்க்கிறார் நாகவல்லி. மூன்று விரல். "இன்னைக்குத் தாங்கும்" என்று சிமெண்ட் மூடியை இழுத்துப் போடுகிறார். காரைக்குடியில் உடையப்பனின் ஓட்டலில் அடுப்பு பற்றுவதற்கு முன்பே தினமும் நடக்கும் வேலை இது.

சமையலறைக் கழிவுநீர் முதலில் இந்தத் தொட்டியில் தேங்கும். எண்ணெய் மேலே மிதந்து உறையும். அடித்தண்ணீர் மட்டும் சாக்கடைக்குப் போகும். படலம் நாலு விரல் கனமானால் பாத்திரம் கழுவும் குழாயை மூடிவிட்டு அதை அள்ளியாக வேண்டும். அதிகாரிகள் ஒட்டிவிட்டுப் போன விதித்தாளில் இதையே சென்டிமீட்டரில் போட்டிருக்கிறார்கள். விரல் கணக்கு நாகவல்லியுடையது.

பாத்திரம் கழுவ வந்து பதினோரு வருடம். எண்ணெயை வழிக்காத சட்டி அவரிடம் வந்தால் வந்த வழியே திரும்பிப் போகும். "வழிச்சுட்டுக் கொண்டாங்கய்யா, நான் என்ன ஒங்க வீட்டு மருமகளா?" கல்யாண வீட்டுக்குப் போனாலும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் கொல்லைப்பக்கம் போய், கழுவுகிற தண்ணீர் எங்குட்டுப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

இந்தக் கெடுபிடியைக் கேலி செய்யாத ஆள் ஓட்டலில் கிடையாது. ஆனால் போன ஐப்பசியில், மகள் பிரசவத்துக்காக அவர் கல்லல் ஊருக்குப் போயிருந்த வாரம் சாக்கடை அடைத்துக் கழிவுநீர் தெருவில் ஓடியது. அதிகாரிகள் வந்து ஓட்டலை நாலு நாள் பூட்டினார்கள். இன்னொரு முறை நடந்தால் உரிமம் ரத்து என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் பிழைப்பு அதில் தொங்குகிறது. செய்தி கேட்டுத் திரும்பி வந்த நாகவல்லிக்கும் கூலி இல்லை; அந்த நாலு நாளும் அவர் வீட்டில் உலை கொதித்தது பக்கத்து வீட்டு அரிசியில்.

வைகாசி முகூர்த்த நாள் ஒன்றில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் பொரித்த சட்டிகளின் எண்ணெயெல்லாம் சேர்ந்து, காலை பத்து மணிக்கே குச்சியில் ஐந்து விரல். நாகவல்லி குழாயை மூடினார். சமையல் மாஸ்டர் சேவுகப்பெருமாள் கொதிக்கும் கஞ்சித்தண்ணீர் அண்டாவோடு வந்து நின்றார்.

"தள்ளுத்தா. இதை ஊத்துனா எல்லாம் இளகி ஓடிரும்."

"இங்கன இளகும்ண்ணே, தெருமுக்குல போயி உறையும். போன தடவையும் இதைத்தான ஊத்துனீக?"

மாஸ்டர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அண்டாவைக் கீழே வைக்கவில்லை. "முந்நூறு எலை, ஆத்தா! சட்டி கழுவாம எதுல ஆக்குறது?"

நாகவல்லி, திறந்து கிடந்த தொட்டியை மறித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஊத்துறதா இருந்தா என் மேல ஊத்துங்க."

சத்தம் கேட்டு, தேய்த்த வெள்ளை வேட்டியோடு உடையப்பனே வந்துவிட்டார். "அள்ளுறதுக்கு எம்புட்டு நேரமாகும்?"

"நான் ஒருத்தியா அள்ளுனா ஒரு மணி நேரம், மொதலாளி."

"பந்திக்கு நேரமாயிருமே. அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

நாகவல்லி எழுந்து, அள்ளுவதற்குத் தனக்கொரு வாளியை எடுத்துக்கொண்டு, இரண்டாவது வாளியை முதலாளியின் கையில் கொடுத்தார்.