மலர்கொடியின் எடை

கடலைக் கொல்லையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பொன்னாயிக்கு 1946 ஐப்பசியில் அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விசித்திரமான வேலை கிடைத்தது. வளர்கிற பெண்களின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். தராசில் ராத்தல், அதாவது பவுண்டு கணக்கில் எடை பார்ப்பது ஒரு வழி. மேல்கைத் தோலை மடித்துப் பிடித்து, அதன் தடிப்பை அளவுக்கோடு போட்ட இரும்பு இடுக்கியால் அளப்பது இன்னொரு வழி. எதை நம்பலாம் என்று மாதாமாதம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆம்பிளை கை படக்கூடாது என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டதால், இடுக்கி பொன்னாயியின் கைக்கு வந்தது.

பதின்மூன்று வயது மலர்கொடி முதல் மாதம் அறுபத்தொரு ராத்தல் இருந்தாள். கார்த்திகையில் அறுபத்தாறு. மார்கழியில் எழுபத்துமூன்று.

"பொண்ணு நல்லா தேறிட்டா" என்றார் டாக்டர்.

பொன்னாயி இடுக்கியை நீட்டிக் காட்டினாள். "இல்லீங்க சார். மொத மாசம் இடுக்கி நாலு கோடு காட்டுச்சு. இப்ப ஒண்ணுகூட இல்ல. கையில வெறும் தோலுதான் வருது."

"தராசு பொய் சொல்லுமா?"

வரிசையில் நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள். "ரெண்டு பேரா ஏறி நிக்கிறா" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மலர்கொடியின் தங்கை சாந்தா ஐப்பசி வெள்ளத்தில் மருதையாற்றோடு போனவள். உடல் கிடைக்கவேயில்லை.

பொன்னாயி குனிந்து அந்தப் பெண்ணின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி விழுந்தது. விரலை எடுத்தும் குழி நிரம்பவில்லை. அதைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"இது சதை இல்லம்மா. பட்டினியில கோத்துக்கிட்ட தண்ணி."

தண்ணி என்ற சொல் காதில் விழுந்ததும் வரிசை கலைந்து ஓடியது.

"வூட்டுல சோறு இல்லையாடி?" என்று பொன்னாயி மெல்லக் கேட்டாள்.

"கூழு இருக்குக்கா. காலையில ஆத்துல ஊத்திடுவேன். பசிக்குதுன்னு சாந்தா கூப்பிடுறா."

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாலையும் முட்டையையும் கையில் வாங்கியவள் வாயில் வைக்க மறுத்தாள். ஒருநாள் முழுதும் கெஞ்சிப் பார்த்த பொன்னாயி கடைசியில், "அவ பங்க நான் ஊத்துறேன். நீ குடி" என்றாள். அதன் பிறகுதான் மலர்கொடி வாய் திறந்தாள்.

சொன்ன சொல் தவறக்கூடாதென்று தினமும் விடிந்ததும் ஒரு செம்புக் கூழோடு பொன்னாயி ஆற்றுக்குப் போனாள். ஊற்றினால் ஓடுகிற தண்ணீரில் அது கரைந்து போகவில்லை. வெள்ளையாக ஒரே இடத்தில் சுழன்று, யாரோ உறிஞ்சியதுபோல் உள்ளே இறங்கியது. பக்கத்தில் துணி துவைத்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டாமல், செம்பைக் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

ஒன்பது நாளில் கோத்திருந்த தண்ணி வடிந்து மலர்கொடியின் எடை பதினாறு ராத்தல் இறங்கியது. கால்கள் குச்சியாயின. டாக்டர் கவலைப்படவில்லை, தராசை மட்டும் நம்பியிருந்தால் இவளைப் பறிகொடுத்திருப்போம் என்று சொல்லி, அதையே நோட்டிலும் எழுதிக்கொண்டார். தை கடைசியில் இடுக்கி மறுபடி இரண்டு கோடு காட்டியது.

மலர்கொடி பிழைத்து, பிறகு செட்டிகுளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். பொன்னாயிக்கு அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆயா வேலை நிலைத்தது. ஆற்றுக்குப் போவதை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. முதல் தடவை நிறுத்திப் பார்த்த காலையில், வார்டில் காலி கட்டில்கள் நடுவே, "அக்கா, பசிக்குது" என்று ஒரு சின்னக் குரல் கேட்டதாம்.