ஒரு ராத்திரி தனியாகத் தூங்கப் போனேன்

நான் மகனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போகவில்லை. சாயங்காலத்திலிருந்து போன் செய்து விசாரிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏலத்தோட்டத்துக்கு உரம், மருந்து எல்லாம் என் கிரெடிட் கார்டில்தான் வாங்குகிறேன். அதில் சேர்ந்த புள்ளிகளுக்கு ஓட்டலில் ஒரு இரவு இலவசமாகக் கிடைத்தது. போடிமெட்டுச் சாலையில் உள்ள ஓட்டலில் பதிவு செய்துவிட்டு, இன்று மதியம் போனேன்.

வரவேற்பில் இருந்தவர் என் ஆதாரைப் பார்த்தார்.

"போடி அட்ரஸ்னா உள்ளூரு, உள்ளூர்க்காரங்களுக்கு ரூம் தர்றதில்லம்மா. தனியா வேற வந்திருக்கீக. வீட்ல எதுவும் சண்டையா?"

"சண்டை இல்ல. தூங்க வந்திருக்கேன்."

"தூங்குறதுக்கு வீடு இல்லியா?"

இருக்கிறது. கணவர் இறந்ததிலிருந்து, துணைக்கென்று யாராவது ஒருவர் என் அறையில் படுக்கிறார். அன்புதான். ஆனால் நான் புரண்டு படுத்தால்கூட எழுந்து விளக்கைப் போட்டு, "என்ன செய்யுது?" என்கிறார்கள்.

வரவேற்பாளருக்கு என் மகனைத் தெரியும். போன் செய்துவிட்டார். மகன் ஜீப்பில் வந்து இறங்கினான்.

"ஏம்மா, சொன்னா நானே கூட்டியாந்திருப்பேன்ல?"

"நீ கூட்டியாந்தா நீயும் தங்குவேல்ல."

அவன் என் பையைத் தூக்கி ஜீப்பில் வைத்தான். வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

நான் காத்திருந்த நேரத்தில், எங்கள் தெரு ஏலக்காய் வியாபாரி தனியாக வந்து சாவி வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு வீடு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

ஓட்டல் மேலாளருக்கு: என் இலவச இரவு இந்த மாதக் கடைசி வரை செல்லும். தடை போடி முகவரிக்கா, தனியாக வரும் பெண்ணுக்கா? எழுத்தில் பதில் தாருங்கள்.