இரண்டு வீட்டில் குடித்த புழு மருந்து

“காங்கேயம் கிடாரி. நான்கு பல். முதல் சினை, ஏழு மாதம். ஈரல் நொதி அளவுகள் மிகை. சிறுநீரகம்: மறுபரிசோதனை தேவை.”

ஆய்வுக்கூடச் சீட்டில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அச்சான தேதி மங்கலாக இருந்ததால் பின்பக்கம் நானே எழுதிவைத்தேன்: ஐப்பசி, வியாழன், மழை.

மாடு என் அக்காவுடையது. காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்தில் வாங்கி, அன்னூருக்கு வேனில் ஏற்றி வந்தாள். சில நாட்களில் அது தீனியை விட்டது, பிறகு படுத்துவிட்டது. ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கோவைக்குக் கொண்டுபோவது என் வேலையாயிற்று. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பெட்டியைக் காட்டி, உள்ளே இருப்பது மீன்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்க அலுப்பாக இருந்தது.

சீட்டைப் பார்த்த கால்நடை டாக்டரம்மா அக்காவிடம் கேட்டார்.

“புழு மருந்து எப்பங்க குடுத்தீங்க?”

“வந்த அன்னைக்கே ஊத்திப்போட்டனுங்க. புதுசா வார மாட்டுக்கு ஊத்தறதுதானுங்களே.”

“எடை பாத்தீங்களா?”

“மாட்டைத் தராசுல நிறுத்தறதுங்களா? கண்ணளவுதானுங்க.”

“வித்தவங்களும் குடுத்திருந்தாங்களா?”

அக்கா என்னைப் பார்த்தாள்.

எங்கள் பக்கம், மேனி மினுங்கட்டும் என்று விற்கிறவர் முன்கூட்டியே ஒருமுறை மருந்து கொடுப்பதுண்டு. வாங்குகிறவர் வந்திறங்கிய அன்றே ஒருமுறை கொடுப்பார். ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. காபி கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பியவரிடம் கேட்டால் சந்தேகப்பட்டதுபோல் ஆகிவிடும்.

மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் பாரம் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் என்றார் டாக்டரம்மா. தெம்பான மாடு தாங்கியிருக்கலாம். இது சினை மாடு. தண்ணீர் இல்லாமல் வேனில் நின்று வந்தது. ஈரலில் ஏற்கெனவே தட்டைப்புழு இருந்திருக்கவும் கூடும். மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார்.

“நீ படிச்ச புத்தகத்துல எல்லாம் இதைப் போடலியா கண்ணு?” என்றாள் அக்கா, திரும்பும் வழியில்.

அன்று மாலை விற்றவருக்குப் போன் செய்தேன்.

“மருந்துங்களா? எங்கூட்டுல குடுத்திருப்பாங்க, இருங்க.” போன் அவர் மனைவியிடம் போயிற்று.

“அவருதானுங்க குடுத்திருப்பாரு. எனக்குச் சரியாத் தெரியலீங்க. மாடு நல்லா இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க” என்றேன். போனை வைத்துவிட்டேன்.

தினமும் குளுக்கோஸ் ஏறியது. டாக்டரம்மா வருவார், கண்ணிமையை விலக்கிப் பார்ப்பார், ஊசியை எடுப்பார். கார்த்திகை பிறந்தபோது மாடு எழுந்து நின்றது. கன்று தங்கவில்லை.

“மாடாச்சும் நின்னுச்சே, உடு” என்றாள் அக்கா. சாணியை வழித்துக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

மறுபரிசோதனையில் ஈரல் நொதி அளவு இறங்கியிருந்தது, சிறுநீரகம் இன்னும் முழுதாகத் தேறவில்லை. இன்னொரு முறை போன் செய்து கேட்க அக்கா விடவில்லை. அவர்கள் மனசு சங்கடப்படுமாம். விற்ற வீட்டில் மருந்து கொடுத்தார்களா என்பது, இதை எழுதும்வரை, உறுதி செய்யப்படவில்லை.