பைப் ஒழுகுது, எப்ப வருவீங்கள்

எங்கள் வீட்டில் பைப் ஒழுகினால் அப்பா பழைய சைக்கிள் டியூபைக் கீலமாக வெட்டி இறுக்கிக் கட்டுவார். கூரைச் சீற் வெடித்தால் தார் பூசுவார். எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. ஒழுகுகிற பைப்புக்கு ஆள் கூப்பிடுகிற ஒரு வீட்டை நான் பத்து வயதுவரை கண்டதில்லை. பிறகு நடந்த குழப்பத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்குப் பிரான்சில் மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையின் மாமி உப்புக்குளத்திலிருந்து வந்து பேசி முடித்தாள். ஹோட்டலில் மனேஜர், வசதியான வீடு, குடி இல்லை என்றாள். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே ஒருத்தி வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கட்டி, அவனுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்து தாய்வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். அதற்குப் பிறகு அம்மா வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தச் செய்தியையும் மீனின் செவுளைத் திறந்து பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

மாப்பிள்ளை ஒவ்வொரு நாளும் சின்னம்மாவின் போனுக்குத் தன் குரலைப் பதிந்து அனுப்புவார். அங்கே வருகிறவளுக்குப் பாஷை தெரிந்திருக்க வேண்டும் என்று பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். அம்மா என்னைச் சின்னம்மாவின் பக்கத்தில் இருத்தினாள்.

“நீ விளையாடுற மாதிரி இருந்து கேள். என்னென்ன கதைக்கிறார் எண்டு வந்து சொல்லு.”

பள்ளிக்கூடத்தில் இல்லாத கவனம் எனக்கு இந்த வேலையில் இருந்தது. ஆனால் எதிர்பார்த்த கதை எதுவும் வரவில்லை. வணக்கமும் நன்றியும் முடிந்தவுடனே பைப் வந்துவிட்டது. “லு றொபினே ஃபுய்” என்றால் பைப் ஒழுகுகிறது. அடுத்தது சுவரில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பிறகு கதவுப் பூட்டு உடைந்துபோயிற்று. ஹீட்டர் வேலை செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் முடிவில் ஒரே கேள்வி: “கான்தெஸ்கு வு புவே வெனீர்?” அதாவது, எப்போது வருவீர்கள். மற்ற வசனங்களில் அவர் தடக்குப்படுவார், நடுவில் நின்று யோசிப்பார். இதை மட்டும் செபமாலை சொல்லுகிறவர் மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்.

சின்னம்மா அதையெல்லாம் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வாசல் படலையை முட்டிய கழுதையிடமும் எப்போது வருவீர்கள் என்று கேட்டாள்.

“என்ன, எங்கட பைப்புக்கும் பிரெஞ்சு விளங்குதோ?” என்றார் அப்பா.

“உங்கட டியூப் கட்டை விட நல்லா விளங்குது, அத்தான்.”

நான் சிரிக்கவில்லை. ஒரு மனேஜருக்கு இத்தனை பழுதுகள் எதற்கு? இந்த ஆள் பைப் திருத்துகிறவர், வீடு வீடாகப் போய்ப் பூட்டு மாற்றுகிறவர் என்று முடிவு கட்டினேன். அம்மாவிடம் சொன்னேன். “எனக்கும் அந்த யோசினை இருந்தது” என்றாள். ஆனால் வாக்குக் கொடுத்தது அப்பா என்பதால் அவரிடம் வாய் திறக்கவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் கலியாண அறிவித்தலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டாம் ஞாயிறு வாசித்தபோதுதான் நான் அதைச் சரியாகக் கேட்டேன். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைப் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார் சுவாமி. பெரியவர்கள் தலை குனிந்துகொண்டு இருந்தார்கள். எனக்கு அது என்னை நோக்கியே சொன்னதாகப் பட்டது. பூசை முடிந்ததும் சுவாமி தங்கியிருக்கும் அறைவீட்டுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

“சுவாமி, எனக்கொரு தடை தெரியும்.”

“ஆரின்ர கலியாணத்துக்கு? உன்ரையோ?”

“சின்னம்மான்ர. மாப்பிள்ளை பைப் திருத்துறவர்.”

“பைப் திருத்துறது பாவமில்லையடா. சூசையப்பர் தச்சுவேலை செய்தவர்.”

“சூசையப்பர் மனேஜர் எண்டு பொய் சொல்லேல்லையே.”

சுவாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

அன்று பின்னேரம் விறாந்தையில் எல்லோரும் இருக்க, அப்பா பிரான்சுக்குப் போன் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி கதிரையில் வைத்தார்.

“தம்பி, மறைக்காமச் சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன வேலை?”



“ஹோட்டலில கோப்பை கழுவுறன், அண்ணை. மாமி மனேஜர் எண்டு சொல்லிப்போட்டா. நான் அதை மறுத்துச் சொல்லேல்ல. அது என்ர பிழைதான்.”

“அப்ப இந்தப் பைப், பூட்டு?”

“அது என்ர அறை, அண்ணை. வீட்டுக்காரன் வாறன் வாறன் எண்டுறான்.”

அப்பா போனை நிறுத்தினார். மூன்றாம் வாசிப்பு வேண்டாமென்று சுவாமியிடம் சொல்லப்போவதாகச் சொன்னார். அம்மா, தான் அப்போதே சொன்னதாகச் சொன்னாள். சின்னம்மா மட்டும் எழும்பி நின்றாள்.

“வாசிக்கச் சொல்லுங்கோ, அத்தான்.”

“உனக்கென்ன விசரோ? பொய் சொன்னவன்.”

“கோப்பை கழுவுறது இண்டைக்குத்தான் தெரியும். மிச்சமெல்லாம் அவர் முதலே சொல்லிப்போட்டார். சுவர், பூட்டு, குளிர், எல்லாம். நான்தானே ஒவ்வொரு நாளும் பாடமாக்கினனான்.”

“அந்த ஓட்டை அறைக்குள்ளயோ போய் இருக்கப்போறாய்?”

“நான் போய் அந்த வீட்டுக்காரனோட கதைக்கிறன்.”

அந்தக் கிழமை முழுக்க அப்பா சின்னம்மாவோடு பேசவில்லை. அறைவீட்டுப் பக்கமும் போகவில்லை. சின்னம்மாவை யாரோ மயக்கிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். பிறகு நானும் ஊர் ஊராகத் திரிந்து, கடல் கடந்தும் பல அறைகளில் படுத்தெழும்பினேன். ஒழுகாத அறை ஒன்றிரண்டு கிடைத்தது. அதெல்லாம் பின்னால் வந்தது.

மூன்றாம் ஞாயிறு அறிவித்தல் வாசிக்கப்பட்டது. தடை என்ற இடத்தில் சுவாமி ஒருமுறை நிறுத்தி நான் இருந்த பக்கம் பார்த்தார். நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவளது உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. செபம் சொல்கிறாள் என்று நினைத்துக் காதைக் கிட்டக் கொண்டுபோனேன். “கான்தெஸ்கு வு புவே வெனீர்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ‘வு’வில் தடக்குப்பட்டு, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள்.

என் சந்தேகம் அன்றைக்கும் தீரவில்லை. கோப்பை கழுவுகிறவர், சரி. ஆனால் வீடு வீடாகப் போய்த் திருத்துகிறவர் இல்லையென்றால், அந்த ஒரு கேள்வி மட்டும் தடக்காமல் வருவதற்கு அவர் அதை எங்கே, யாரிடம் அத்தனை தரம் சொல்லிப் பழகினார் என்பது அந்த வயதில் எனக்குப் பிடிபடவேயில்லை.